லுவார்க்கடை அண்ணை

ஒரு போத்தல் ஒயின் வாங்குவதற்கு இத்தனை கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஜெர்மனியில், கொலோன் நகரத்து ஒயின் கடை ஒன்றுக்குள் நான் முதன்முதலாக நுழைந்தது ஒரு மே மாதம். பேராசிரியர் வீட்டில் விருந்துக்கு அழைத்திருந்தார்கள். இந்த ஊரில் வெறுங்கையோடு போகக்கூடாது, பூவோ ஒயினோ கொண்டுபோக வேண்டும் என்று ஆய்வகத்தில் சொல்லி அனுப்பினார்கள். பூவே வாங்கியிருக்கலாம். ஆனால் எந்தப் பூவுக்கு என்ன அர்த்தம் என்று அதற்கு ஒரு தனி சாஸ்திரம் வைத்திருந்தார்கள். அதற்குப் பயந்து ஒயின்.

கும்பகோணத்தில், மது என்ற சொல்லைக்கூடக் குரலைத் தாழ்த்திச் சொல்லும் வீட்டில் வளர்ந்தவள் நான். கையில் கிடைத்த போத்தலை எடுத்து, காசைக் கொடுத்து, யார் கண்ணிலும் படாமல் வெளியே வந்துவிட வேண்டும் என்பதுதான் என் திட்டம். மேசைக்குப் பின்னால் நின்றவர் நான் வைத்த போத்தலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"தமிழோ?" என்றார்.

தலையாட்டினேன்.

"இருங்கோ தங்கச்சி. உதை ஆர் வீட்டுக்குக் கொண்டு போறியள்?"

"ப்ரொஃபசர் வீட்டுக்கு."

"அங்கை என்ன சமையல்?"

"எனக்கு எப்படிங்க தெரியும்?"

"மேசையில ஆர் ஆர் இருப்பினம்?"

"சார், நான் பில் போடத்தான் வந்தேன்."

"பில் போடலாம். அதுக்கு முதல் அவையின்ர வீட்டுக்கு ஒருக்கா ரெலிபோன் எடுத்துக் கேளுங்கோ."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் தொலைபேசியைத் தூக்கி என் பக்கம் திருப்பி வைத்தார். விருந்துக்கு அழைத்தவர்களிடமே "என்ன சமைக்கிறீர்கள்?" என்று கேட்கும் கேவலத்தை அன்று நான் செய்தேன். பேராசிரியரின் மனைவி சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னார். வெள்ளை ஆஸ்பராகஸ் எனப்படும் தண்ணீர்விட்டான் தண்டு, உருக்கிய வெண்ணெய், உருளைக்கிழங்கு, எனக்காக மாமிசம் இல்லை. அதை நான் சொன்னதும் கடைக்காரர் முகம் நோயைக் கண்டுபிடித்துவிட்ட டாக்டர் முகம் போல ஆயிற்று. நான் எடுத்து வைத்த சிவப்பு ஒயினைத் திரும்ப அலமாரியில் செருகினார்.

"அந்தத் தண்டுக்குப் பக்கத்தில இதை வைச்சியள் எண்டால் ரெண்டும் சண்டை பிடிக்கும். இது பாருங்கோ, லுவார் ஆத்தின்ர மேல்பக்கத்துத் திராட்சை. சோவின்யோன் எண்டு பேர். அரிஞ்ச புல்லு மாதிரி ஒரு பச்சை மணம் இருக்கும். இவைக்குள்ள ஒத்துப் போகும்."

அந்த வருடம் முழுக்க எங்கள் துறையில் என் ஆராய்ச்சியைவிட என் தொலைபேசி அழைப்புக்குத்தான் பெயர் அதிகம்.

அவருடைய பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னாலும் யாருக்கும் தெரியாது. யாழ்ப்பாணத்துக்காரர். அப்போது கொலோனில் இருந்த தமிழர்களை ஒரே அறையில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டுவிடலாம். அத்தனை பேரும் அவரை அண்ணை என்றோம். நான் அண்ணா என்று ஆரம்பித்து, சீக்கிரமே அண்ணையில் வந்து நின்றேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் பொறியியல் படிக்க வந்தவர். கைச்செலவுக்காகச் சனிக்கிழமைகளில் அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். படிப்பு பாதியில் நின்றது, வேலை நிற்கவில்லை. கேட்டால், "கடையில வேலை கூடிப் போச்சு" என்பார். அந்தக் கடையில் ஓர் ஆள் போய் அடுத்த ஆள் வருவதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழலாம்.

கடையின் முதலாளி ஒரு வயதான ஜெர்மானியர். யுத்தம் முடிந்தபோது பிரான்சில் கைதியாகப் பிடிபட்டு, லுவார் ஆற்றங்கரையில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்ய அனுப்பப்பட்டவர். எதிரி என்று பார்க்காமல் தங்கள் மேசையிலேயே உட்கார வைத்துச் சோறு போட்டார்கள் என்று அந்தத் தோட்டக்காரக் குடும்பத்தைப் பற்றிச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கும். திரும்பி வந்து அந்த ஒரே ஆற்றின் ஒயின்களை மட்டும் விற்கும் கடை திறந்தார். சொந்த ஊர் ஆறு ரைன், அதன் கரையெல்லாம் திராட்சை. இவர் அயல்நாட்டு ஆறு ஒன்றைக் கொண்டுவந்து விற்றார். வியாபாரம் எப்படி நடந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். முட்டிவலி வந்த பிறகு கடையை அண்ணையிடம் விட்டுவிட்டு மாடியில் உட்கார்ந்திருப்பார்.

அலமாரியை அண்ணை ஆறு ஓடுகிற ஒழுங்கில் அடுக்கியிருந்தார். இடக்கைப் பக்கம் கடல் முகத்துவாரம், வலக்கைப் பக்கம் மலைநாடு. நடுவில் நின்றுகொண்டு ஊர்ச்சனத்தைப் பற்றிப் பேசுவது போலத் திராட்சைகளைப் பற்றிப் பேசுவார். முகத்துவாரத்தில் விளைவது மெலோன். அதற்கு வாசனையும் கிடையாது, வாய்த்துடுக்கும் கிடையாது, யார் வீட்டுக்குப் போனாலும் அடக்கமாக உட்கார்ந்திருக்கும். சற்று மேலே வந்தால் ஷெனின். அதன் குணம் வானத்தைப் பொறுத்தது, வெயில் ஆண்டில் தேன், குளிர் ஆண்டில் எலுமிச்சை. அதற்குப் பக்கத்திலேயே கபர்னே ஃப்ரான் என்ற சிவப்பு. முகர்ந்து பார்த்தால் குடைமிளகாயை அப்போதுதான் கீறினது போல இருக்கும். ஷெனினில் மழையில் நனைந்த கம்பளி மணமும் உண்டு என்பார். "அது எப்படி நல்ல மணமாகும்?" என்று கேட்டேன். "நல்லது எண்டு நான் சொல்லேல்லையே தங்கச்சி. இருக்கு எண்டுதான் சொன்னன்."

இத்தனை பேசுகிறவர் ஒரு மிடறுகூடக் குடிக்க மாட்டார். வாயில் விட்டு, கன்னத்துக்குக் கன்னம் உருட்டி, மேசைக்குக் கீழே இருக்கும் வாளியில் துப்பிவிடுவார். அந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்களாம், ஆனால் மற்றவர்கள் வேலை முடிந்த பிறகாவது குடிப்பார்கள். இவர் அதுவும் இல்லை. எங்கள் தமிழ்ப் பையன்கள் அதைச் சொல்லிக் கேலி செய்யாத நாள் கிடையாது. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "எனக்கு உதில ஆசை இல்லையடாப்பா. எதுக்கு எது பொருந்தும் எண்டு பாக்கிறதிலதான் ஆசை" என்பார். "பேசாம ஜாதகக் கட்டு தூக்கிக்கிட்டு கல்யாணத் தரகரா போயிருக்கலாம் அண்ணை" என்று நானும் என் பங்குக்குச் சொல்லியிருக்கிறேன். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

பொருத்தம் பார்க்காமல் அவர் கையிலிருந்து ஒரு போத்தல் நகர்ந்ததில்லை. அதுவும் சாப்பாட்டுப் பொருத்தம் மட்டுமல்ல. அவருக்கு முக்கியம் மேசையில் யார் யார் என்பது. ஒருமுறை ஒரு வாலிபன், தன் சிநேகிதியை மயக்குவதற்காக, கடையிலேயே விலை கூடிய பழைய இனிப்பு ஒயினைக் கேட்டான். "அந்தப் பெண்ணுக்கு இனிப்புப் பிடிக்குமா?" என்று ஜெர்மனில் கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை. "போய்த் தெரிந்துகொண்டு வா" என்று அனுப்பிவிட்டார். மாடியிலிருந்து இறங்கி வந்த முதலாளி, "என் கடையில் போத்தலைவிட புத்திமதிதான் அதிகம் போகிறது" என்று தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்டாரே தவிர அவரும் அண்ணையை மாற்றவில்லை.

எனக்கே சில நாள் எரிச்சலாக வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அறையில் வத்தக்குழம்பு வைத்து அவரைச் சாப்பிடக் கூப்பிட்டேன். மனிதர் திறந்த போத்தல் மூன்றோடு வந்து நின்றார். ஒரு வாய் குழம்பு, ஒரு வாய் ஒயின், பிறகு நேரே என் பாத்திரம் கழுவும் தொட்டியில் துப்பல். நான் ஊரிலிருந்து கொண்டுவந்த வத்தலைப் பொக்கிஷமாக வைத்திருந்து சமைத்திருக்கிறேன், இவர் பரிசோதனைச்சாலை நடத்துகிறார். மூன்றையும் பார்த்து முடித்துவிட்டுக் கவலையோடு சொன்னார்: "உங்கட குழம்புக்கு ஆறு முழுக்கத் தேடினாலும் ஆள் இல்லை தங்கச்சி. மோர்தான்." எனக்கு வந்த கோபத்தில் மோரும் கொடுத்திருக்கக்கூடாது.

ட்ராம் ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவரும் அவர் மனைவியும் சனிக்கிழமைதோறும் வருவார்கள். அந்த அம்மாளின் குரல் தெருமுனையில் கேட்கும், பிறகுதான் ஆள் வருவார். அவருக்கு இனிப்பாக இருக்க வேண்டும். கணவருக்கு இனிப்பு ஒயின் என்றால் இருமல் மருந்து. ஆரம்பத்தில் ஆளுக்கொரு போத்தல் வாங்கி, வீட்டில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து குடித்தார்களாம். அதை அறிந்த அன்று அண்ணைக்கு மனசு சரியில்லை. ஷெனின் வகையில் வூவ்ரே என்ற ஊரின் ஒயினை வருடவாரியாக எடுத்து ருசிபார்த்து, இனிப்பும் இல்லாமல் புளிப்பும் இல்லாமல் நடுவில் நிற்கிற ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். அன்றிலிருந்து இருவருக்கும் ஒரே போத்தல். "இவன் எங்களை இரண்டாம் முறை கல்யாணம் செய்து வைத்தான்" என்று அந்த அம்மாள் கடை அதிரச் சொல்வார், கணவர் காதுமடல் சிவக்கத் தொப்பியைச் சரிசெய்துகொள்வார்.

ஊரார் மேசையையெல்லாம் நிரப்பியவர் தன் அறையில் தனியாகத்தான் சாப்பிட்டார். அதுவும் நின்றுகொண்டு, தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்து.

அவர் குடிக்காததற்கும் இந்தத் தனிமைக்கும் காரணத்தை அவராகத்தான் ஒரு நாள் சொன்னார். அவருடைய ஐயா ஊரில் தலைமை வாத்தியார், மதுவிலக்குச் சங்கத்தின் காரியதரிசி. பின்னேரங்களில் கள்ளுத் தவறணைக்குப் போகும் சந்தின், அவர்கள் பாஷையில் ஒழுங்கையின், முகப்பில் குடையோடு நிற்பாராம். குடிக்கப் போகிறவர்களைப் பேர் சொல்லி மறித்து, "வீட்டில ஆர் பாத்துக்கொண்டிருக்கினம்?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்பாராம். பாதிப் பேர் திரும்பிவிடுவார்களாம்.

"அண்ணை, நீங்களும் அதைத்தானே இங்க கேக்கறீங்க?" என்றேன்.

சிரித்தார். "ஓம் என்ன? அவர் மறிக்கிறார், நான் விக்கிறன்."

மகன் மதுக்கடையில் வேலை பார்க்கிறான் என்று தெரிந்த நாளிலிருந்து ஐயா அவரோடு பேசவில்லை. அது வருடக் கணக்கில் நீண்டது. நடுவில் அம்மா இறந்துபோனார். செய்தி லண்டனில் இருக்கும் மூத்த அண்ணன் மூலம் வந்து சேர்ந்தபோது ஊரில் எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவும் முடிந்துவிட்டது. "அவனுக்கு அறிவிக்க வேண்டாம் எண்டு ஐயாதான் சொன்னவராம்" என்று அண்ணை சொன்னபோது நான், கண்ணால் காணாத அந்தப் பெரியவரை மனதாரத் திட்டினேன். அண்ணை திட்டவில்லை. அவருக்கு வேறொரு தவிப்பு இருந்தது.

"அந்த நேரத்தில ஐயா மட்டும்தான் பக்கத்தில இருந்தவர். அம்மா வருத்தப்பட்டவவோ, ஏதும் கேட்டவவோ, என்னைத் தேடினவவோ, ஒண்டும் எனக்குத் தெரியாது தங்கச்சி. அது தெரிஞ்ச ஒரே ஒரு மனிசர் என்னோட கதைக்கிறேல்லை."

அந்த மனிதர் கொலோனுக்கு வந்தார். மூத்த மகனைப் பார்க்க லண்டன் வந்தவரை, திரும்பும் வழியில் சின்னவனையும் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று மூத்தவர் பிடிவாதம் பிடித்துக் கப்பலிலும் ரயிலிலுமாக அனுப்பி வைத்திருந்தார். நவம்பர் மாதம். அண்ணையோடு நானும் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். ரயிலிலிருந்து, முழங்கால் வரை தொங்கும் இரவல் கோட்டும் கழுத்தைச் சுற்றிய மப்ளரும் நெற்றியில் அழியாத விபூதியுமாக, குடையை ஊன்றிக்கொண்டு இறங்கினார். அண்ணை பெட்டிக்குக் கையை நீட்டினார். பெரியவர் பெட்டியை என்னிடம் கொடுத்தார்.

அவர் தங்கிய இரண்டு நாளும் என்னைத் தபால்பெட்டி ஆக்கினார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு அண்ணை இடியப்பம் பிழிந்து, தேங்காய்ப்பால் கிடைக்காததால் பசும்பால் விட்டுச் சொதி வைத்திருந்தார். தகப்பனும் மகனும் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், நான் நடுவில்.

"பிள்ளை, சொதிக்கு உப்புக் காணாது எண்டு சொல்லும்."

"அண்ணை, சொதிக்கு உப்பு பத்தலையாம்."

அண்ணை உப்பை என்னிடம் தந்தார், நான் பெரியவரிடம் தந்தேன்.

"நான் குடிக்கிறேல்லை எண்டு ஐயாவிட்டச் சொல்லுங்கோ தங்கச்சி. வாயில வைச்சுப் பாக்கிறதோட சரி. ஒரு சொட்டும் உள்ளுக்குப் போனதில்லை."

பெரியவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார். "விக்கிறவன் குடிச்சாலென்ன, குடிக்காட்டிலென்ன எண்டு கேளும்."

ஆனால் அண்ணை தட்டுக் கழுவப் போன சமயத்தில், குரலை இறக்கி என்னிடம் கேட்டார். "குடிக்கிறேல்லை எண்டது மெய்யோ பிள்ளை?"

"மெய்தான் ஐயா. என் வீட்டுத் தொட்டியிலேயே துப்பியிருக்கார்."

"அது ஒண்டாவது மிஞ்சியிருக்கு" என்றார்.

அந்த வார்த்தையை அண்ணையிடம் சொன்னேன். அவர் கழுவிய தட்டையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். "அப்ப கதைப்பார் தங்கச்சி. போறதுக்குள்ள ஒரு சொல்லாவது கதைப்பார்" என்றார். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவர் அவ்வளவு தூரம் நம்பினார்.

மறுநாள் சனிக்கிழமை. கடையை மூட முடியாது. அறையில் குளிருக்குக் கரியடுப்பை மூட்டத் தெரியாத பெரியவரைத் தனியே விடவும் முடியாது. கடை வாசல் வரை வந்தவர், "நான் உள்ளுக்கு வரமாட்டன்" என்று நடைபாதையில் நின்றுவிட்டார். ஆலங்கட்டியும் மழையுமாகக் கொட்ட ஆரம்பித்ததும் அண்ணை ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து கதவுக்குச் சற்று உள்ளே வைத்தார். பெரியவர் அதைத் தெருப்பக்கம் திருப்பிப் போட்டு, ஆறு முழுவதற்கும் முதுகைக் காட்டியபடி உட்கார்ந்தார். எனக்கு ஒரு முக்காலி கிடைத்தது.

பாஷை தெரியாத வாத்தியாரால் சும்மா இருக்க முடியுமா? முதல் ஆள் வந்ததுமே தலையைத் திருப்பாமல் கேட்டார். "என்னவாம்?"

"மட்டி வாங்கியிருக்காங்களாம் ஐயா. பேத்தி வர்றாளாம்."

"இவன் என்ன சொல்லுறான்?"

"கடலோரத்துத் திராட்சை ஒண்ணு இருக்காம். அது மட்டியோட ருசியைக் கெடுக்காதாம். பேத்திக்கு எத்தனை வயசுன்னு கேக்கறார். ஒன்பதாம். அவளுக்கு ஆப்பிள் ஜூஸ் வாங்கி வைங்க, அவளுக்கும் ஒரு கிளாஸ் வேணும்லன்னு சொல்றார்."

"ம்."

அடுத்து வந்தவர் காலையிலேயே கொஞ்சம் ஆடிக்கொண்டு வந்தார். சிவப்பு இரண்டு போத்தல் கேட்டார். மனைவி ஊரில் இருக்கிறாரா என்று அண்ணை விசாரித்தார். அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றார் அவர். "அப்படியானால் திங்கட்கிழமை வாருங்கள், அவர் வந்த பிறகு" என்று அண்ணை கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஆள் முணுமுணுத்துக்கொண்டே வெளியேறினார். நான் எல்லாவற்றையும் பெயர்த்துச் சொன்னேன். அந்த மனிதர் மழையில் தெருமுனை திரும்பும்வரை பெரியவர் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒழுங்கை முகப்பில் நின்ற பின்னேரங்களில் இப்படித்தான் பார்த்திருப்பார் என்று தோன்றியது.

இரண்டு மணிக்குக் கடை மூடும் நேரம். ட்ராம் ஓட்டியவர் வந்தார். அண்ணை குனிந்து பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். அந்தக் காலடி ஓசையை வைத்தே ஆளைத் தெரிந்துகொண்டு, நிமிராமலே எப்போதும் கேட்பதைக் கேட்டார். "இன்றைக்கு என்ன சமையல்?"

பதில் வராததால் நிமிர்ந்தார். அந்த மனிதர் கறுப்பு டை கட்டியிருந்தார். அவருக்குப் பின்னால் யாரும் வரவில்லை. தெருமுனையிலிருந்து எந்தக் குரலும் கேட்கவில்லை.

"சமையல் ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை அவளை அடக்கம் செய்தோம். இன்று சனிக்கிழமை. வேறு எங்கே போவது என்று தெரியவில்லை, வந்துவிட்டேன்" என்றார். பிறகு, "வழக்கமான போத்தலைக் கொடு" என்றார்.

அண்ணை வூவ்ரேயை எடுத்தார். ஆனால் காகிதத்தில் சுற்றவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "இதை உங்களிடம் வீட்டுக்குக் கொடுத்து அனுப்ப என்னால் முடியாது" என்று சொன்னார். கதவைச் சாத்தி, திரையை இறக்கிவிட்டு, ருசி பார்க்கும் சின்ன மேசையை நடுவில் இழுத்துப் போட்டார். ஒரு நாற்காலியில் அவரை உட்கார வைத்தார். இரண்டு கிளாஸ்களைத் துடைத்து வைத்தார்.

"என்ன நடக்குது பிள்ளை?" என்றார் பெரியவர்.

நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். மனைவி செத்துப்போனதைச் சொன்னேன். வாரா வாரம் இருவருமாகக் குடிப்பதைச் சொன்னேன். அவர் முதன்முறையாகத் தலையைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு கிளாஸ் இருந்ததையும் பார்த்தார்.

"மற்றது ஆருக்கு?"

நான் பதில் சொல்வதற்குள் அண்ணை இரண்டிலும் ஊற்றிவிட்டு உட்கார்ந்தார். வாளி மேசைக்கு அடியில் இருந்தது. காலால் இழுத்துக்கொள்ளலாம். அந்த மனிதர் தன் கிளாஸைத் தூக்கிக்கொண்டு, எதிரில் ஒரு முகம் வேண்டுமே என்பது போல அண்ணையைப் பார்த்தார். அண்ணை என் தலைக்கு மேலாகத் தன் தகப்பனை ஒரு தடவை பார்த்தார். துப்பிவிடுங்கள் அண்ணை என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். அவருக்கு எதிரில் மனைவியைப் புதைத்துவிட்டு வந்த மனிதர் உட்கார்ந்திருக்கும்போது, பொருத்தம் பார்க்கிற அந்த மனுஷரால் வாளியில் துப்ப முடியவில்லை. குடித்தார். தொண்டை இறங்கி ஏறியதை நானும் பார்த்தேன், பெரியவரும் பார்த்தார். மிஞ்சியிருந்த அந்த ஒன்றும் போயிற்று.

ட்ராம் ஓட்டியவர் கிளாஸைப் பார்த்தபடி மெல்லச் சொல்ல ஆரம்பித்தார். "டீ வேண்டும் என்றாள். அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் வைத்தேன். கொண்டுவந்தபோது இல்லை. கடைசி நேரத்தில் நான் பக்கத்தில் இல்லை. அவ்வளவு சத்தம் போடுகிறவள், ஒரு சத்தம் போட்டிருக்கக்கூடாதா?"

"என்னவாம்?" என்றார் பெரியவர். குரல் மாறியிருந்தது.

சொன்னேன்.

நாற்காலி தரையில் உரசும் ஓசை கேட்டது. எழுந்து போகப்போகிறார், எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். பெரியவர் தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். மகனுக்குப் பக்கத்தில் அல்ல, அந்த மனிதருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். குடையை மடியில் வைத்துக்கொண்டார்.

"பிள்ளை, நான் சொல்லுறதை இவருக்குச் சொல்லும்."

"சொல்லுங்க ஐயா."

"பக்கத்தில இருந்தாலும் ஒண்டும் செய்ய ஏலாது எண்டு சொல்லும். நான் பக்கத்திலதான் இருந்தனான்."

ஜெர்மனில் சொன்னேன். அந்த மனிதர் காலிக் கிளாஸை மேசையில் வைத்தார். அண்ணை அசையவில்லை.

"என்ர மனிசிக்குக் காய்ச்சல். நாலைஞ்சு நாளாச் சாப்பாடு இல்லை. விடியக்காலமை என்னைக் கூப்பிட்டு, ஜேர்மனியில இப்ப என்ன நேரம் எண்டு கேட்டவ. நான் கணக்குப் பாத்து, அங்கை இப்ப சாமம், பெடியன் நல்ல நித்திரையா இருப்பான் எண்டு சொன்னன்."

நான் பெயர்த்தேன். என் ஜெர்மன் எங்கெங்கோ தடுக்கி விழுந்தது. அந்த மனிதர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப சத்தம் போடாதேங்கோ எண்டு சொன்னவ. அவ்வளவுதான். அதுக்குப் பிறகு கதைக்கேல்லை. வருத்தமும் படேல்லை."

இந்த வாக்கியத்தை நான் சொல்லத் தொடங்கி, நிறுத்தி, மறுபடி தொடங்கினேன். தமிழில் ஒரு தடவையும் ஜெர்மனில் ஒரு தடவையுமாக அண்ணை தன் அம்மாவின் கடைசி வார்த்தையைக் கேட்டார். அவர் கை இரண்டும் மேசையில் இருந்தன. முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட அவற்றை எடுக்கவில்லை.

பெரியவர் இன்னும் அந்த ஜெர்மானியரைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தார். "பிறகு நான் அவனுக்கு அறிவிக்க விடேல்லை. கோவத்தில எண்டு சனம் நினைச்சுது. கோவமும்தான். ஆனா அவ சத்தம் போட வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டல்லோ போனவ. நான் என்னண்டு எழுப்புறது?"

அதையும் சொன்னேன். ட்ராம் ஓட்டியவர் பெரியவரின் முழங்கை மேல் கையை வைத்தார். இரண்டு கிழவர்களும் அப்படியே இருந்தார்கள். திரைக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அடுத்து என்ன பெயர்க்க வேண்டுமோ என்று காத்திருந்தேன்.

பெரியவர் என் பக்கம் திரும்பவில்லை. மேசைக்கு எதிர்ப்பக்கம், நேராகத் தன் மகனைப் பார்த்தார்.

"தம்பி, அவரின்ர கிளாஸ் வெறுமையாக் கிடக்கு. ஊத்து."